முன்சீப் கோர்ட்டா, மாவட்ட நீதிமன்றமா, ஐகோர்ட்டா? – சட்டம் குறித்த வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொத்து, கடன், பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பற்றியவை. படித்துப் பார்த்தபோது அவற்றின் அடியில் ஒரே ஐயம் இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் உரிமையியல் (சிவில்) வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்கள் எத்தனை படிகளாக உள்ளன, நம் வழக்கு எந்தப் படியில் தொடங்கி எதுவரை போகலாம் என்பதே அந்த ஐயம். ஆகவே அத்தகைய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தோட்டத்தின் வடக்கு எல்லையில் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டார். வழக்கறிஞர் எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்கிறார். உறவினர்களோ, "கீழ்க்கோர்ட்டில் போட்டால் இழுத்துக்கொண்டே போகும், நேராக ஐகோர்ட்டில் போட்டுவிடு" என்கிறார்கள். அப்படிச் செய்ய முடியுமா? (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முடியாது. உங்கள் வழக்கறிஞர் சொல்வதே சரி. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஒரு வழக்கை விசாரிக்க அதிகாரமுள்ள நீதிமன்றங்களுள் மிகக் கீழ்ப்படியில் உள்ளதிலேயே அதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. அடுத்து வரும் 16-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்து பற்றிய வழக்கை அந்தச் சொத்து அமைந்துள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். இவை இரண்டையும் சேர்த்துப் படித்தால், உங்கள் தோட்டம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது, வழக்கின் மதிப்பு எவ்வளவு என்னும் இரண்டு விவரங்களே நீங்கள் போக வேண்டிய இடத்தைத் தீர்மானிக்கின்றன என்பது விளங்கும். விரும்பிய நீதிமன்றத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வாதிக்கு இல்லை.

சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் இந்த அமைப்பு 1873-ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தின் மேல் நிற்கிறது. சென்னை மாகாணத்துக்காக அன்று இயற்றப்பட்ட அந்தச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, தமிழ்நாட்டுச் சட்டமாக இன்றும் நடைமுறையில் உள்ளது. முதல் படி மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்; மக்கள் வாயில் அது முன்சீப் கோர்ட். சில ஊர்களில் அதே நீதிபதி குற்றவியல் நடுவராகவும் இருப்பார். அதற்கு மேலே சப் கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றமும், அதற்கும் மேலே மாவட்ட நீதிமன்றமும், எல்லாவற்றுக்கும் மேலாக உயர் நீதிமன்றமும் உள்ளன. முதல் மூன்றிலும் புதிய வழக்குகளைத் தொடுக்கலாம்; வழக்கின் பண மதிப்பைப் பொறுத்து இடம் மாறும். இந்த மதிப்பு வரம்புகளைச் சட்டமன்றம் அவ்வப்போது திருத்தி உயர்த்தி வந்திருக்கிறது. எனவே பழைய சட்ட நூல்களில் அச்சாகியுள்ள தொகைகளை நம்பாமல், வழக்கு தாக்கல் செய்யும் நாளில் நடப்பில் உள்ள வரம்பை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

உங்கள் உறவினர்கள் ரிட் மனுவை மனத்தில் வைத்துப் பேசியிருக்கலாம். அரசோ அரசு அதிகாரியோ சட்டத்துக்கு மாறாக நடந்துகொண்டால் அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு தனியாருக்கு இடையே வரப்பு எங்கே இருந்தது என்னும் தகராறைச் சாட்சிகளை விசாரித்து, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரை அனுப்பி, நிலத்தை அளந்து பார்த்துத்தான் தீர்க்க முடியும். அந்த வேலைக்கென்றே அமைந்தது உங்கள் ஊர் நீதிமன்றம்.

"கீழ்க்கோர்ட்" என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விசாரணை நீதிமன்றங்களை அப்படி அழைப்பது பொருந்தாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே கருத்துத் தெரிவித்தது. அதை வெறும் மரியாதைக்கான பேச்சாக நான் பார்க்கவில்லை. உங்கள் சாட்சி கூண்டில் ஏறித் தமிழில் பேசுவதும், அவர் சொன்னதைக் கேட்டு நீதிபதி எடைபோடுவதும் அங்கேதான் நடக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். உங்கள் சாட்சி அங்கே வெறும் தாளாகவே இருப்பார்.

கேள்வி: தந்தை விட்டுச்சென்ற வீட்டிலும் நஞ்சை நிலத்திலும் என் பங்கைத் தர அண்ணன்மார் மறுக்கிறார்கள். ஒரு வழக்கறிஞர் சார்பு நீதிமன்றம் என்கிறார், இன்னொருவர் மாவட்ட நீதிமன்றம் என்கிறார். குடும்பத் தகராறு என்பதால் குடும்ப நல நீதிமன்றம் போகலாமா என்றும் ஐயம். நீதிமன்றக் கட்டணம் கட்டவும் வசதியில்லை. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் கடைசி ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நல நீதிமன்றம் திருமணம், மணமுறிவு, ஜீவனாம்சம், குழந்தைகளின் பாதுகாப்பு போன்றவற்றையும், கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறையும் விசாரிக்கும். உடன்பிறந்தோரிடையே பாகப்பிரிவினை கேட்கும் வழக்கு அங்கே நிற்காது. அது உரிமையியல் நீதிமன்றத்துக்கே உரியது.

இரு வழக்கறிஞர்களும் வேறுபடுவதற்குக் காரணம், சொத்தின் மதிப்பை அவர்கள் வேறுவேறாகக் கணக்கிட்டிருப்பதாகத்தான் இருக்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் பார்க்க வேண்டியது முழுச் சொத்தின் மதிப்பை விட்டு, நீங்கள் கேட்கும் பங்கின் சந்தை மதிப்பை. வீடும் நிலமும் சேர்ந்து ஒரு தொகை என்றால், அதில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கேட்கும் உங்களுக்கு அந்தப் பகுதியே கணக்கு. முழுத் தொகையைப் பார்த்தவருக்கு மாவட்ட நீதிமன்றமாகவும், பங்கைப் பார்த்தவருக்குச் சார்பு நீதிமன்றமாகவும் தோன்றியிருக்கும். உங்கள் வழக்குரையின் (வழக்கைத் தொடங்க வாதி தாக்கல் செய்யும் மனுவின்) இறுதிப் பகுதியில் மதிப்பீட்டுக் குறிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பத்தியைப் படித்து, எப்படி அந்தத் தொகை வந்தது என்று கேளுங்கள். வழக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்கும், எவ்வளவு கட்டணம் ஆகும், பிறகு மேல்முறையீடு எங்கே போகும் என்னும் மூன்றும் அந்த ஒரு பத்தியைப் பொறுத்தவை. அதைப் படிக்காமலேயே கையெழுத்திட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பின்னால் எதிர்த்தரப்பு மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டுள்ளது என்று ஆட்சேபம் எழுப்பும்போது, அந்தக் கேள்வியைத் தீர்க்கவே மாதங்கள் கழிந்துவிடும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 1955-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம் பாகப்பிரிவினை வழக்குகளை இரண்டாகப் பிரிக்கிறது. சொத்து இன்னும் எல்லோருடைய கூட்டு அனுபவத்திலும் இருக்கிறது, நானும் அதில் ஒருத்தி என்று நீங்கள் உண்மையாகச் சொல்ல முடிந்தால், நிர்ணயிக்கப்பட்ட சிறு கட்டணமே போதும். உங்களை முழுவதுமாக வெளியேற்றிவிட்டார்கள் என்றால், பங்கின் சந்தை மதிப்பின் மேல் கட்டணம் கட்ட வேண்டும். இதில் உண்மைக்கு மாறாக எழுத வேண்டாம். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அதுவாகவே இருக்கும்.

வசதியில்லை என்று தயங்க வேண்டியதே இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்கள் அனைவருக்கும், அவர்களுடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைக் கொடுக்கிறது. தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். அண்ணன்மார் இறங்கி வந்தால், அங்கேயே லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குரிய வலு உண்டு. அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: வழக்குக் கட்டில் ஓ.எஸ்., ஏ.எஸ்., எஸ்.ஏ. என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இவற்றைக் கொண்டு வழக்கு எந்த நிலையில் உள்ளது என்று அறிய முடியுமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: நன்றாகவே முடியும். ஓ.எஸ். என்பது முதன்முதலில் தொடுக்கப்பட்ட அசல் வழக்கு. ஏ.எஸ். என்றால் அதன் மேல் முதல் மேல்முறையீடு. எஸ்.ஏ. என்றால் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஐ.ஏ. என்பது வழக்கு நடக்கும்போதே போடப்படும் இடைக்கால மனு. தடையாணை கேட்பது இதன் வழியாகத்தான். அத்தகைய சில உத்தரவுகளின் மேல் போடுவது சி.எம்.ஏ.; மேல்முறையீட்டுக்கு வழியில்லாத உத்தரவுகளின் மேல் உயர் நீதிமன்றத்தில் போடும் சீராய்வு மனு சி.ஆர்.பி. எனப்படும். தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு ஈ.பி. உயர் நீதிமன்ற வழக்கு எண்ணில் எம்.டி. என்று சேர்ந்திருந்தால் அது மதுரைக் கிளையில் உள்ளது என்று பொருள். 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்ட அந்தக் கிளை, திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை, திண்டுக்கல் முதல் கன்னியாகுமரி வரையிலான தென் மாவட்டங்களின் வழக்குகளை விசாரிக்கிறது. விழுப்புரத்தாரான நீங்கள் சென்னைக்குத்தான் வர வேண்டும்.

கேள்வி: நண்பருக்குப் புரோநோட்டின் பேரில் 6 லட்சம் ரூபாய் கொடுத்தேன். இருவரும் சென்னையில்தான் இருக்கிறோம். இங்கே முன்சீப் கோர்ட்டைத் தேடினால் மாநகர உரிமையியல் நீதிமன்றம், சிறு வழக்குகள் நீதிமன்றம் என்று பெயர்கள் வேறாக உள்ளன. எங்கே போவது? (வாசகர், சென்னை)

பதில்: சென்னை நகரத்தின் அமைப்பு வரலாற்றுக் காரணங்களால் தனியானது. 1862-இல் இங்கே உயர் நீதிமன்றம் ஏற்பட்டபோது, மேல்முறையீடுகளைக் கேட்பதோடு, நகர எல்லைக்குள் எழும் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரமும் அதற்குக் கொடுக்கப்பட்டது. அந்த அதிகாரம் இன்றும் நீடிக்கிறது. பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களுக்கும் அது உண்டு. நகரத்தின் எல்லா வழக்குகளும் உயர் நீதிமன்றத்துக்கே போனால் தாங்காது என்பதால் 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகர உரிமையியல் நீதிமன்றம் அமைக்கப்பட்டது. நிர்ணயிக்கப்பட்ட பெருந்தொகைக்கு மேற்பட்ட வழக்குகள் மட்டும் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் சி.எஸ். என்னும் எண்ணுடன் தாக்கலாகின்றன. மற்றவை மாநகர உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியவை. சிறு வழக்குகள் நீதிமன்றம் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்களும் வீட்டு வாடகை வழக்குகளும் இப்போது அதன் முக்கிய வேலை.

உங்கள் 6 லட்சத்துக்கு மாநகர உரிமையியல் நீதிமன்றமே உரிய இடம். பண வழக்குகளுக்கான கட்டணம் 2017-இல் நூற்றுக்கு ஏழரை ரூபாயிலிருந்து 3 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் 18,000 ரூபாய் வரும், வட்டி சேர்ந்தால் சற்றுக் கூடும். நோட்டு எழுதிய நாளிலிருந்து, அல்லது அதற்குப் பின் காலவரம்பு முடிவதற்குள் அவர் எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கு தாக்கலாக வேண்டும். தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். நண்பர் என்னும் தயக்கத்தாலேயே காலவரம்பைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

ஒருவேளை இது நட்புக் கடனாக இல்லாமல் வணிக ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய தொகையாக இருந்து, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும் இருந்தால், வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகளில், தாக்கல் செய்வதற்கு முன் சமரசப் பேச்சுவார்த்தைக்குச் செல்வது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

கேள்வி: பட்டாவில் என் பெயரை நீக்கி வேறொருவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். தாசில்தாரிடம் போவதா, நீதிமன்றம் போவதா? (வாசகர், கடலூர் மாவட்டம்)

பதில்: பதிவில் நேர்ந்த பிழை மட்டும் என்றால், 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வட்டாட்சியரின் உத்தரவின் மேல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்து, அதன் பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கேட்கலாம். இது வருவாய்த் துறையின் படிவரிசை. நீதிமன்றப் படிவரிசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வேறொருவர் நிலமே தமக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடினால், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வருவாய் அலுவலர்களுக்கு இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமை விளம்புகை, அதாவது நிலம் உங்களுக்கே உரியது என்னும் அறிவிப்பு, கேட்டு வழக்குத் தொடுங்கள். அங்கே பெறும் தீர்ப்புக்கு ஏற்பப் பட்டாவைத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: முன்சீப் கோர்ட்டிலும் தோற்றேன், சப் கோர்ட் மேல்முறையீட்டிலும் தோற்றேன். இப்போது பரணில் இருந்து பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் கிடைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இதைக் காட்டி வெல்ல முடியுமா? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. முதல் மேல்முறையீடும் இரண்டாம் மேல்முறையீடும் தன்மையில் முற்றிலும் வேறானவை. நடைமுறைச் சட்டத்தின் 96-ஆவது பிரிவின்படி வரும் முதல் மேல்முறையீட்டில், சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோட்டு, நடந்தது என்ன என்பதைப் பற்றியே வேறு முடிவுக்கு வர நீதிபதிக்கு உரிமை உண்டு. 100-ஆவது பிரிவின் கீழ் வரும் இரண்டாம் மேல்முறையீட்டில் அப்படி இல்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கணிசமான சட்டப் பிரச்சினை ஒன்று வழக்கில் இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கருதி, அதை வகுத்து எழுதிய பிறகே அந்த மேல்முறையீடு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும். வரப்பு எங்கே இருந்தது, யார் அனுபவத்தில் இருந்தார் என்னும் உண்மைகள் பொதுவாக முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடுகின்றன.

புதிய ஆவணத்துக்குக் கதவு அடியோடு மூடியிருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை, 27-ஆவது விதி, உரிய முயற்சி எடுத்தும் விசாரணையின்போது கொண்டுவர முடியாமல் போன ஆவணத்தைப் பின்னர் ஏற்க இடம் தருகிறது. ஆனால் உரிய முயற்சி என்பதில்தான் சிக்கல். பாட்டனார் பெயரில் பதிவான கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பார்த்து வாங்கியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பத்திரம் பதிவாகாதது என்றால் வேறு தடைகள் வரும். பத்திரத்தையும் இரண்டு தீர்ப்புகளையும் எடுத்துக்கொண்டு, மதுரைக் கிளையில் உரிமையியல் மேல்முறையீடுகளை நடத்திப் பழகிய வழக்கறிஞர் ஒருவரைத் தாமதமின்றிப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாட்கள். மாவட்ட அளவிலான நீதிமன்றங்களுக்கு 30 நாட்களே. தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது என்பதால், நகல் மனுவை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

இன்னும் வழக்குத் தொடங்காத வாசகர்களுக்கு இந்தக் கடிதத்தை முன்வைத்து ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பரணைத் தேட வேண்டியது வழக்குரை எழுதுவதற்கு முன்பு. முதல் நீதிமன்றத்தின் கட்டில் சேராத தாள், மேலே எத்தனை படி ஏறினாலும் பெரும்பாலும் வெளியேதான் நிற்கும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகள் நடந்த பிறகு, அதிகார எல்லை இல்லை என்று வழக்குரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காலவரம்பு கடந்துவிட்டதே? (வாசகி, ஈரோடு)

பதில்: திருப்பித் தரப்பட்டது தள்ளுபடி ஆனதாகாது. உரிய நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்யுங்கள். நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் தவறான நீதிமன்றத்தில் நடத்திய காலத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடக் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. திருப்பித் தந்த உத்தரவின் நகலையும் சேர்த்துத் தாக்கல் செய்வது அவசியம். கையில் வாங்கிய பின் நாட்களைக் கடத்தாதீர்கள். அந்தத் தாமதத்துக்குச் சட்டம் பொறுக்காது.

கேள்வி: முன்சீப் கோர்ட் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை மூன்று இடங்களிலும் ஜெயித்தேன். ஆனாலும் எதிரி இடத்தைக் காலி செய்யவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பை மீறுகிறார் என்று அங்கேயே போவதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வழக்கைத் தொடங்கிய முன்சீப் கோர்ட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். மேல்முறையீடு எவ்வளவு தூரம் போயிருந்தாலும், தீர்ப்பாணையை நிறைவேற்றும் பொருட்டு, முதலில் விசாரித்த நீதிமன்றமே அதை வழங்கிய நீதிமன்றமாகக் கருதப்படும் என்று நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு கூறுகிறது. அங்கே நிறைவேற்று மனு, அதாவது ஈ.பி., போடுங்கள். இடத்தின் அனுபவத்தை ஒப்படைக்கும் உத்தரவை நீதிமன்ற ஊழியரான அமீனா நேரில் வந்து நிறைவேற்றுவார். தடுத்தால் காவல் துறையின் பாதுகாப்பைக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எதிரி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லக்கூடும். மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை வாங்கியிருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

நிறைவேற்று மனு தாக்கலானதிலிருந்து ஆறு மாதங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. தாமதமானால் அதை எடுத்துக்காட்டி விரைவுபடுத்தக் கேட்கலாம். மனுப் போட உங்களுக்கு 12 ஆண்டுகள் இருக்கின்றன என்றாலும் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். இடையில் எதிரி இடத்தை மூன்றாம் நபருக்கு விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, அவர்களுடைய ஆட்சேபங்களையும் விசாரித்துத் தீர்க்க வேண்டியதாகிவிடும். மூன்று தீர்ப்புகளின் சான்றிட்ட நகல்களையும், வழக்குரையில் எழுதிய சொத்து விவரத்தையும் எடுத்துவைத்து, நான்கெல்லை இப்போதைய நிலைமையோடு பொருந்துகிறதா என்று முதலில் சரிபாருங்கள். அமீனா இடத்தில் வந்து நிற்கும்போது கையில் வைத்துப் பார்ப்பது அந்தச் சொத்து விவரத்தைத்தான்.